கால் டப்பில் பழுப்பாகும் தண்ணீர்: தகட்டை எடை போட்டுப் பார்த்த கதை

சேலம் ஐந்து ரோடு பக்கம் யூ.பி.எஸ்., இன்வெர்ட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு அக்கா துணிப்பையில் சுற்றி ஒரு மெஷினைக் கொண்டுவந்தார். வீட்டு முன்னறையில் அழகு நிலையம் நடத்துகிறவர். "தம்பி, லைட் எரியுது, டைமர் ஓடுது, ஆனா தண்ணி கலர் மாற மாட்டேங்குது. காசு குடுத்து உக்கார்றவங்க கேக்குறாங்க" என்றார்.

கால் வழியாக உடம்பின் நச்சை இறக்கும் என்று சொல்லி விற்கும் மெஷின் அது. டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, வட்டமான ஒரு பிளாஸ்டிக் கூட்டை உள்ளே இறக்கி, காலை வைத்து அரை மணி நேரம் உட்கார வேண்டும். தண்ணீர் மெல்ல மஞ்சளாகி, ஆரஞ்சாகி, காப்பி நிறத்துக்குப் போகும். கூடவே லேமினேட் செய்த ஓர் அட்டை கொடுக்கிறார்கள். பச்சை கலந்த மஞ்சள் வந்தால் சிறுநீரகத்திலிருந்து, ஆரஞ்சு வந்தால் மூட்டிலிருந்து, பழுப்பு வந்தால் கல்லீரலிலிருந்து, வெள்ளை நுரை வந்தால் நிணநீரிலிருந்து, கருப்புத் துகள் வந்தால் கன உலோகம் என்று அதில் போட்டிருக்கும்.

அந்த அட்டையை அதற்கு முன்பே நான் பார்த்திருக்கிறேன். சிவதாபுரத்தில் இருக்கும் என் சித்தப்பா வேறோர் இடத்தில் 500 ரூபாய் வீதம் பத்துத் தடவை உட்கார்ந்து வந்தவர். முப்பத்தைந்து வருடம் கொலுசுப் பட்டறையில் பத்த வைக்கும் வேலை, அதாவது வெள்ளித் துண்டுகளைச் சூட்டில் ஒட்டும் வேலை பார்த்தார். இளவயதில், பழைய வெள்ளியை ஈயம் சேர்த்து உருக்கிச் சுத்தம் செய்யும் வேலையும் பார்த்திருக்கிறார். சன்னல் சாத்திய அறை, ஊதுகுழல், முகத்துக்கு நேராகப் புகை. ஒரு காலத்தில் பத்த வைக்கும் பொடியில் காட்மியம் கலப்பது சாதாரணம். உடம்பில் உலோகம் ஏறியிருக்குமோ என்று அவர் பயந்ததில் தப்பே இல்லை. டப்பில் கருப்புத் துகள் மிதந்ததைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருசம் உள்ள போனதெல்லாம் வெளிய வருதுடா" என்று போனில் சொன்னபோது அவர் குரலில் இருந்த நிம்மதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் இந்த மெஷினை அக்கறையோடு பிரித்தேன்.

பெட்டிக்குள் பெரிதாக ஒன்றும் இல்லை. 12 வோல்ட் டி.சி. கொடுக்கும் ஒரு சப்ளை, ஒரு டைமர் போர்டு, சில நிமிடத்துக்கு ஒரு தடவை பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுக்கும் ரிலே, முன்பக்கம் ஒரு ஆம்பியர் மீட்டர். சப்ளையை அளந்தேன், 12.1 வோல்ட். ரிலே 'டக்' என்று சரியாக மாறியது. ஆக, பெட்டியில் பழுதில்லை. அப்புறம் தண்ணீரில் இறக்கும் கூட்டின் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினேன்.

உள்ளே இரண்டு ஸ்டெயின்லெஸ் தகடுகள் இருந்திருக்க வேண்டும். இருந்தது மிச்சம்தான். ஒரு தகடு கீழ்ப்பாதி முழுக்கக் கரைந்து, ஓரம் கறையான் அரித்த ஓலை போல நைந்து கிடந்தது. இன்னொன்று ஒயர் பற்றவைத்த இடத்திலேயே அறுந்துவிட்டது. விரலால் தடவினால் பழுப்புச் சேறு. அக்காவிடம் காட்டி, "இதை எத்தனை தடவை ஓட்டுனீங்க?" என்றேன். நாற்பது, ஐம்பது இருக்கும் என்றார். முப்பது தடவைக்கு ஒரு முறை இந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று விற்றவர்கள் சொன்னார்களாம், விலை அதிகம் என்று தள்ளிப்போட்டிருக்கிறார்.

தகடு தேய்ந்தால் கலர் வருவதில்லை, புதுத் தகடு போட்டால் வருகிறது. அப்படியானால் அந்தக் கலர் எங்கிருந்து வருகிறது என்பதை ஸ்க்ரூ டிரைவர் பிடித்த யாரும் ஊகித்துவிடலாம். ஆனால் ஊகத்தை வைத்துக்கொண்டு சித்தப்பாவிடம் பேச முடியாது. அவர் தராசை நம்புகிறவர். அதனால் தராசில் வைத்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

கணக்கு எளிது. உப்புத் தண்ணீரில் இரண்டு இரும்புத் தகட்டை வைத்து டி.சி. கொடுத்தால், பிளஸ் பக்கத் தகட்டிலிருந்து இரும்பு அணு இரண்டு எலக்ட்ரானை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போகும். மைனஸ் பக்கம் தண்ணீர் உடைந்து ஹைட்ரஜன் குமிழி வரும். வெள்ளிக்கு முலாம் பூசுகிறவர்களுக்கு இது புதிதில்லை, அவர்களுடைய தொட்டியில் நடப்பதும் இதே சங்கதிதான். ஃபாரடே விதிப்படி 1.5 ஆம்பியரை 30 நிமிடம் ஓட்டினால் 2,700 கூலும் மின்னேற்றம். அதை ஃபாரடே மாறிலியான 96,485ஆல் வகுத்து, இரண்டாலும் வகுத்து, இரும்பின் அணு எடை 55.85ஆல் பெருக்கினால் 0.78 கிராம். தகடு இவ்வளவு எடை குறைந்தால், தண்ணீரில் இருக்கும் பழுப்பு தகட்டுடையது.

மெஷினில் வரும் ஸ்டெயின்லெஸ் தகட்டை நான் பயன்படுத்தவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் உருக்காலை புண்ணியத்தில் சேலத்துக்காரர்களுக்கு ஸ்டெயின்லெஸ் பற்றித் தெரியும். பாத்திரத்துக்குப் போகும் 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். சமையலறையில் அது சாது. ஆனால் உப்புத் தண்ணீரில் பிளஸ்ஸில் மாட்டினால் குரோமியமும் நிக்கலும் இரும்போடு சேர்ந்து கரையும். குரோமியத்தில் ஒரு பகுதி, ஆறு இணைதிறன் கொண்ட விஷ வடிவத்துக்கும் போகலாம். துரு எடுக்க எலக்ட்ராலிசிஸ் செய்கிறவர்கள் ஸ்டெயின்லெஸ்ஸைத் தொடாதே என்று சொல்வது இதற்காகத்தான். நிக்கல் சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும். கன உலோகத்தை இறக்குகிறோம் என்று உட்காரவைத்துவிட்டு, காலைச் சுற்றி நிக்கலையும் குரோமியத்தையும் கரைத்துவிடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. அதனால் 2 மில்லிமீட்டர் சாதா இரும்புத் (எம்.எஸ்.) தகட்டில் ஜோடி ஜோடியாக வெட்டிக்கொண்டேன்.

கரண்டுக்கு வீட்டு லைனைத் தொடவே இல்லை. காலை வைக்கப் போகும் தண்ணீர் என்பதால் 12 வோல்ட் இன்வெர்ட்டர் பேட்டரி, கரண்ட்டை ஒரே அளவில் பிடித்து வைக்கும் சின்ன டி.சி. மாட்யூல், ஒரு ஃபியூஸ், இவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீர் 8 லிட்டர், நாலு ஸ்பூன் கல்லுப்பு, 1.5 ஆம்பியர், 30 நிமிடம். இடம் சித்தப்பா வீட்டு மொட்டை மாடி. உப்புத் தண்ணீரில் கொஞ்சம் குளோரினும் கிளம்பும், மூடிய அறையில் செய்யக்கூடாது.

முதல் தடவை டப்பில் காலே இல்லை. வெறும் தண்ணீர். ஐந்தாவது நிமிடம் தகட்டைச் சுற்றி பாசி போலப் பச்சை. பத்தாவது நிமிடம் அது மஞ்சளாகிப் பரவியது. இருபதில் ஆரஞ்சு. அரை மணியில் டப்பின் அடி தெரியவில்லை, மேலே பழுப்பு நுரை மிதந்தது. முதலில் வரும் இரும்பு ஹைட்ராக்சைடு பச்சை, காற்றிலுள்ள ஆக்சிஜன் சேரச் சேர அது துரு நிறத்துக்குப் போகும். அட்டையில் சிறுநீரகம், மூட்டு, கல்லீரல் என்று போட்டிருக்கும் வரிசையும் இதே வரிசைதான். சித்தப்பா டப்பைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

எடை போடும்போது சறுக்கினேன். 0.78 வர வேண்டிய இடத்தில் 0.51தான் குறைந்திருந்தது. சித்தப்பா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, கணக்கு தப்போ என்று நானும் குழம்பினேன். அப்புறம் தகட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தால், காய்வதற்குள் அதன் மேல் கருப்பாக ஒரு படலம் ஒட்டியிருந்தது. அதையும் சேர்த்து எடை போட்டிருக்கிறேன். பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்பிரிட்டில் முக்கி, ஹேர் டிரையரில் உலர்த்தி மறுபடி வைத்தோம். தராசு சித்தப்பா மகனின் பட்டறைத் தராசு, பத்து மில்லிகிராம் வரை காட்டும். மொத்தக் குறைவு இப்போது 0.77. மைனஸ் பக்கத் தகட்டில் எடை மாற்றமே இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் முன்பும் பின்பும் இதே மாதிரி சுத்தம் செய்துதான் எடை போட்டேன்.

பிரஷ்ஷில் வந்த அந்தக் கருப்பை வெள்ளைத் தாளில் கொட்டி உலர்த்தினேன். மிளகுப் பொடி மாதிரி இருந்தது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் தாளுக்கு அடியில் கொண்டுபோனதும் பொடி எழுந்து நின்றது. காந்தத்தை நகர்த்திய பக்கமெல்லாம் கூட்டமாக நகர்ந்தது. ஈயமோ காட்மியமோ காந்தத்துக்கு இப்படி வராது. காந்தத்துக்கு வரும் இரும்பு ஆக்சைடு அது. சித்தப்பா காந்தத்தை என் கையிலிருந்து வாங்கி அவரே நாலைந்து தடவை நகர்த்திப் பார்த்தார்.

இரண்டாவது தடவை காலுக்குப் பதிலாக இரண்டு குச்சிக்கிழங்கு (மரவள்ளி). எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை, ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் லாரி தெருவிலேயே நிற்கும். தோலோடு நட்டுக்குத்தலாக வைத்தேன். அதே பச்சை, அதே ஆரஞ்சு, அதே காப்பி நிறம். தகடு குறைந்தது 0.76.

மூன்றாவது தடவை சித்தப்பா, "எங் கால வையிடா" என்றார். வேண்டாம், நான் வைக்கிறேன் என்றேன். "பயந்தது நானு, நான்தான் வைக்கணும்" என்றார். வைத்தார். அரை மணி நேரம் பழைய பட்டறைக் கதைகள். தண்ணீர் பழுப்பானது. தகட்டை அவரே தேய்த்து, அவரே உலர்த்தி, அவரே தராசில் வைத்தார். 0.77. கால் வைத்ததற்கும் வைக்காததற்கும் தராசு வித்தியாசம் காட்டவில்லை.

பழுப்பு உண்மையில் இரும்புதானா என்பதற்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கடுக்காய்த் தூள் உதவியது. கடுக்காயில் இருக்கும் டானின், இரும்பைத் தொட்டால் மை போலக் கருக்கும். அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் துணிக்குக் கருப்பேற்றியதும் இந்த முறையில்தான். தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டி மூன்று டம்ளரில் ஊற்றினேன். குழாய்த் தண்ணீர் விட்ட டம்ளர் இளமஞ்சளாகவே நின்றது. கிழங்குத் தண்ணீர் விட்டதும், கால் தண்ணீர் விட்டதும் ஐந்து நிமிடத்துக்குள் நீலக் கருப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது எதென்று சொல்ல முடியாது.

நான்காவது தடவைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கால் இருக்கட்டும், கரண்ட் இருக்கட்டும், இரும்பை மட்டும் எடுத்துவிடுவோம். பழைய டார்ச் செல்களை உடைத்துக் கரிக்குச்சிகளை எடுத்து, பிளஸ்ஸுக்கு இரண்டு, மைனஸுக்கு இரண்டு கட்டினேன். இந்தத் தடவை என் கால். கிடைத்தது 0.8 ஆம்பியர், பதினைந்து நிமிடத்தோடு நிறுத்தினேன், பிளீச்சிங் பவுடர் வாடை வந்துவிட்டது. தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் கொஞ்சம் கரித்தூள், அவ்வளவுதான். என் கால் விரல் நகம் வரை தெரிந்தது. சித்தப்பா குனிந்து பார்த்துவிட்டு, "அப்போ கலரு காலோடது இல்ல" என்றார். நான் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார்.

வெள்ளை நுரைக்கு ஒரு சின்னச் சோதனை. பழையபடி இரும்புத் தகட்டை மாட்டி, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஓட்டினேன். மைனஸ் தகட்டில் மாவு அப்பியது போல வெள்ளை படிந்தது. நம் ஊர் நிலத்தடி நீரின் கடினத்தன்மைக்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை, மேக்னசைட் என்ற மக்னீசியத் தாதுவை வெட்டி எடுக்கும் பூமி. கரண்ட் பட்டதும் மைனஸ் பக்கம் காரமாகி, தண்ணீரிலிருக்கும் மக்னீசியமும் சுண்ணாம்பும் திரண்டு நிற்கின்றன. மேட்டூர்த் தண்ணீரில் அது லேசாகத்தான் வந்தது. ஒரே உடம்பு ஊருக்கு ஊர், குழாய்க்குக் குழாய் வேறு வேறு 'நச்சு' காட்டுவது இதனால்தான். உப்பே போடாமல் மேட்டூர்த் தண்ணீரில் ஓட்டியபோது மீட்டர் முள் சும்மா அசைந்தது, அரை மணியிலும் தண்ணீரில் நிறம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் என் சோதனையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பட்டறைத் தராசு பத்து மில்லிகிராமுக்குக் கீழே பார்க்காது. ஒருவருக்கு ஐந்து லிட்டர் இரத்தம், அதில் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஈயம் என்று வைத்தால், இரத்தம் முழுவதிலும் சேர்த்தே அரை மில்லிகிராம்தான். அது மொத்தமும் காலில் இறங்கினாலும் என் தராசுக்குத் தெரியாது. ஆக, கலர் தகட்டுடையது என்பதை நான் காட்டியிருக்கிறேன். உலோகம் வெளியேறவே இல்லை என்று காட்ட ஆய்வகம் வேண்டும்.

அதைச் செய்திருக்கிறார்கள். 2012இல் கனடாவில் இயற்கை மருத்துவக் கல்லூரி ஒன்றைச் சேர்ந்தவர்களே ஆறு ஆரோக்கியமானவர்களை உட்காரவைத்துச் சோதித்து வெளியிட்டார்கள். கால் வைக்காமல் ஓட்டிய தண்ணீர், கால் வைத்து ஓட்டிய தண்ணீர், அவர்களுடைய சிறுநீர், தலைமுடி என்று எல்லாவற்றிலும் உலோகத்தை அளந்தார்கள். கால் வழியாகவோ, சிறுநீர் வழியாகவோ, முடி வழியாகவோ நச்சு உலோகம் வெளியேறுவதை இந்தக் குளியல் கூட்டியதற்கு ஆதாரம் இல்லை என்பதே முடிவு. இதை நம்பக்கூடிய பக்கத்திலிருந்து வந்தவர்களே இப்படி எழுதியதால் எனக்கு அதன் மேல் கூடுதல் மதிப்பு. 2004இல் பிரிட்டனில் ஒரு பத்திரிகைக்காகவும் மெஷின் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஓட்டுவதற்கு முன் லிட்டருக்கு 0.54 மில்லிகிராமாக இருந்த இரும்பு, ஓட்டிய பின் 23.6 ஆனது.

யோசித்துப் பார்த்தாலும் இது பொருந்திவருகிறது. பெரியவர்கள் உடம்பில் சேர்ந்த ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில் உட்கார்ந்திருக்கும். காட்மியம் சிறுநீரகத்தில் தங்கும், அதில் பாதி குறைவதற்கே பத்து முதல் முப்பது வருடம் ஆகும். எலும்புக்குள் இருப்பதைப் பாதத்தின் தோல் வழியாக அரை மணியில் உறிஞ்ச 12 வோல்ட்டுக்கு வழியே இல்லை. உடம்பு ஈயத்தை வெளியே தள்ளுவது பெரும்பாலும் சிறுநீரிலும் மலத்திலும்தான். இன்னொன்று, கை கால் அதிகமாக வியர்ப்பவர்களுக்குத் தோல் மருத்துவர்கள் தண்ணீரில் மெல்லிய கரண்ட் கொடுத்து ஒரு சிகிச்சை செய்வார்கள், அதில் வியர்வை கூடாது, குறையும். கரண்ட் வியர்வையோடு நச்சை இழுக்கும் என்பதற்கு இது நேர் எதிர்.

காலுக்கு இதமாக இருந்ததே என்று சித்தப்பா கேட்டார். இருந்திருக்கும். வெந்நீரும் கல்லுப்பும் அரை மணி ஓய்வும் நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்த காலுக்கு இதம்தான். அம்மா தினம் செய்வது. அதற்குத் தகடும் பேட்டரியும் வேண்டாம்.

அப்புறம் அவரைக் கூட்டிக்கொண்டு போய் மருத்துவரிடம் விவரம் சொல்லி, இரத்தத்தில் ஈயம் பார்த்தோம். பத்துத் தடவை கால் வைத்து முடித்து இரண்டு மாதம் கழித்து எடுத்த இரத்தம். டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராம். 5ஐத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். உலோகத்தைப் பிடித்து இழுக்கும் மருந்துகள் இருக்கின்றன, ஆனால் அவை இதைவிட மிக அதிக அளவுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் என்றார் மருத்துவர். சிறுநீரில் காட்மியம் பார்க்கவும் எழுதிக் கொடுத்தார். "வேலைதான் விட்டாச்சே, அப்புறம் எப்படி?" என்று சித்தப்பா கேட்டார். எலும்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வரும், அது இல்லாமல் இப்போதும் பட்டறையில் போய் உட்காருகிறீர்களா என்று மருத்துவர் கேட்டார். சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். தினம் காலையில் மகன் பட்டறையில்தான் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

அழகு நிலையத்து அக்காவை ஒரு நாள் கடைக்கு வரச்சொல்லி, கிழங்கை வைத்து அவர் கண்ணெதிரே ஓட்டிக் காட்டினேன். நகையை அடகு வைத்து வாங்கிய மெஷின் என்று அப்போதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு இருந்தார். "எனக்கும் இப்படித்தான்னு சொல்லிக் குடுத்தாங்க தம்பி" என்றார். புதுத் தகடு நான் போட்டுத் தரவில்லை, பிரித்துப் பார்த்ததற்குக் கூலியும் வாங்கவில்லை. வெந்நீரில் கால் ஊறவைத்து எண்ணெய் தேய்த்துவிடுவதை மட்டும் வைத்துக்கொள்கிறேன், அட்டையைக் கழற்றிவிடுகிறேன் என்று சொல்லிப் போனார்.

இப்போது சித்தப்பா மகனின் பட்டறையில் வேலை நடக்கிறது. பத்த வைக்கும் மேஜைக்கு மேலே தகரத்தில் ஒரு கூடு, அதன் பின்னால் ஒன்பது அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். முதலில் கூட்டைத் தலைக்கு மேலே உயரமாக வைத்துவிட்டேன். ஊதுபத்தியைக் கொளுத்திப் பார்த்தால் புகை மூக்கைத் தாண்டித்தான் மேலே போனது. கழற்றி, மேஜை மட்டத்துக்கு இறக்கி, வேலை செய்பவருக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினேன். இப்போது புகை முகத்துக்கு வராமல் நேராகச் சுவருக்குள் போகிறது. பொடியை விற்கும் கடையில் காட்மியம் இல்லாத ரகம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கும்படி சித்தப்பா மகனிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு வாரம் கழித்து ஃபேன் இறக்கையை ஈரத்துணியால் துடைத்தபோது துணி சாம்பல் நிறமாகிவிட்டது. அந்தத் துணியைக் கழுவி மறுபடி பயன்படுத்தாமல் கவரில் கட்டித் தனியாக வைக்கச் சொன்னேன். சித்தப்பா பேப்பர் படிக்கும் நாற்காலியை வாசல் வேப்பமரத்தடிக்கு மாற்றியாகிவிட்டது. மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தம் எடுக்க வேண்டும்.